இடம் மாறிய சீட்டுகள்

எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை ஆறு ஆண்டுகளாக நான்தான் நடத்திவருகிறேன். ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்புறத்து நீண்ட அறையில் கூடுவோம். என்னையும் என் மனைவியையும் சேர்த்துப் பத்துப் பேர். முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவனுக்கு ஒரு கரும்பலகையும் ஒன்பது முகங்களும் கிடைத்தால் போதும். கரையில் கிடந்த மீனை யாரோ எடுத்துத் தண்ணீரில் விட்டதுபோல் இருக்கும்.

அந்த மாதம் ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பாடம். வரங்கள் பலவிதம், கொடுப்பவர் ஒருவரே என்பதை இரண்டு வாரம் விளக்கிவிட்டு, மூன்றாம் வாரம் என் வழக்கப்படி ஒரு கதை சொன்னேன். காட்டில் நடைத் தேர்வு வைத்தார்களாம். தேர்வாளர் நண்டு. குதிரை நடந்தது, நேராக நடந்ததால் தோல்வி. மானும் நேராக நடந்தது, தோல்வி. மாலையில் நண்டு வீடு திரும்பும் வழியில் ஒரு குட்டையின் கண்ணாடித் தண்ணீரைப் பார்த்ததாம். அதற்குள் ஒருவர் மிக அழகாகப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு நூற்றுக்கு நூறு.

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் எங்கள் வகுப்பில் உண்டு. வாய் சும்மா இராத மனிதர். "சார், அந்த நண்டை வாத்தியாரா போட்டது யாரு? அவரைப் பிடிச்சுக் கேக்கணும்" என்றார்.

"அதெல்லாம் மேலிடத்து முடிவு. நீங்க கேக்காதீங்க" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

பிறகு, போன வாரமே சொல்லிவைத்திருந்த பயிற்சியைக் கொடுத்தேன். ஆளுக்கொரு உறை, மேலே அவரவர் பெயர். மற்ற ஒன்பது பேரும் அவரிடம் தாம் காணும் வரத்தை ஒரு சிறு சீட்டில் எழுதி, எழுதியவர் பெயர் போடாமல், அந்த உறைக்குள் இட வேண்டும். அடுத்த ஞாயிறு அவரவர் உறையைப் பிரித்து உரக்க வாசிக்க வேண்டும்.

"எனக்கு வரமே கிடையாதுன்னு ஒன்பது பேரும் எழுதிட்டா?" என்றார் மெக்கானிக்.

"ஒன்பது பேர் அவ்வளவு ஒத்துமையா எழுதினா, அவங்களை ஒத்துமைப்படுத்தின வரம் உங்களோடதுதான் தம்பி" என்றாள் என் மனைவி.

எழுதத் தொடங்கினோம். என் அருகில் இருந்த உறை லாண்டிரி அக்காவுடையது. வயது ஐம்பது இருக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர். அவருக்கு 'சுத்தம்' என்று எழுதிப் போட்டேன். யோசிக்க மூன்று நொடிகூட ஆகவில்லை.

உறைகளைச் சேகரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நான் புறப்படுகையில் பாஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார்.

"சீட்டு எழுதி முடிஞ்சுதா சார்? முடிஞ்சுதுன்னா இப்ப சொல்லலாம். சபைக்குப் புதுசா வந்திருக்காங்களே, அவங்களுக்குன்னு ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறோம். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூட வராது. நல்லா சொல்லித் தர்ற ஆள் வேணும்."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அடக்கத்துடன் மறுப்பதற்கு ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் தயார் செய்தேன். ஒருமுறை மறுத்துவிட்டு இரண்டாம் முறை ஏற்றுக்கொள்வதாக உத்தேசம்.

"நம்ம லாண்டிரி அக்காவைக் கேட்டிருக்கேன்" என்றார் பாஸ்டர். "எட்டாவதோட நின்னவ எனக்கு என்ன தெரியும்னு பயப்படுறாங்க. கடைசியில என்ன சொன்னாங்க தெரியுமா? 'வகுப்புல சீட்டு எழுதுறோமே, அதுல நான் கேக்காமலே ரெண்டே ரெண்டு பேர் எனக்குச் சொல்லித்தர்ற வரம் இருக்குன்னு எழுதியிருந்தா, ஆண்டவர் சொன்னதா எடுத்துக்கறேன்'னாங்க. சீட்டைப் படிச்சுட்டு அதுக்கப்புறம் வர்ற புதன்கிழமை பதில் சொல்றதா பேச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், மனசுலயே வெச்சுக்குங்க."

"நல்லது, நல்லது" என்றேன். மனசில்தான் வைத்துக்கொண்டேன். முள்ளை வைத்துக்கொள்வதுபோல.

சனிக்கிழமை பிற்பகல் உறைகளை ஒட்டுவதற்குச் சாப்பாட்டு மேசையில் பசையும் தூரிகையுமாக உட்கார்ந்தேன். மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். எழுத்துப்பிழை இருந்தால் வாசிப்பவர்கள் தடுமாறுவார்களே, ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நான் முதலில் பிரித்தது என் உறையை. அதிலிருந்தே அந்தக் காரணத்தின் லட்சணம் விளங்கும்.

ஒன்பது சீட்டுகள். 'நேரம் தவறாமை.' இன்னொன்றிலும் அதுவே. 'எல்லாருக்கும் முன்னாடி வந்து ஜன்னல் திறந்து வைப்பார்.' 'நல்ல கையெழுத்து.' 'உதவி.' 'ஒழுங்கு.' 'வராதவங்களை போன்ல விசாரிப்பார்.' என் மனைவியின் கையெழுத்தில், பச்சை மையில், 'மற்றவர்களுக்காக ஆயத்தம் செய்வார்.' ஒன்பதாவதில் மட்டும், நடுங்கும் பென்சில் எழுத்தில், 'போதிக்கும் வரம்.' யாருடைய எழுத்து என்று பார்த்ததும் தெரிந்தது. ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் முன்வரிசையில் உட்காருவார். அவருக்கு இரண்டு காதும் மந்தம்.

அடுத்து லாண்டிரி அக்காவின் உறையைப் பிரித்தேன். என் 'சுத்தம்' இருந்தது. 'அன்பு' என்று ஒன்று, 'ஜெபம்' என்று ஒன்று. மீதி ஆறும் ஒரே பொருளைச் சொல்லின. மூன்றில் வெறுமனே 'போதிக்கும் வரம்.' நான்காவதில், 'புரியிற மாதிரி சொல்லித் தருவாங்க.' ஐந்தாவதில், 'இவங்ககிட்ட சந்தேகம் கேக்க வெக்கமா இருக்காது.' ஆறாவது மெக்கானிக்கின் கிறுக்கல்: 'சார் சொன்னது வகுப்பு முடிஞ்சு வாசல்ல இவங்க சொல்லும்போதுதான் எனக்கு விளங்குது.'

வெறுமனே எழுதப்பட்டிருந்த மூன்றில் ஒன்று பச்சை மையில் இருந்தது.

நாற்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவள், அந்த வரத்தை என் உறையில் போடாமல் அடுத்த உறையில் போட்டிருந்தாள். அப்போது என் காதுகள் சூடானதை இன்றைக்கும் உணர்கிறேன். அதன்பின் நான் செய்ததற்குக் கோபம் காரணம் என்று சொல்ல முடியாது. கோபத்தில் செய்தவன் அவ்வளவு நிதானமாக எண்ணியிருக்க மாட்டான்.

யாரைப் பற்றியது என்று காட்டாத அந்த மூன்று 'போதிக்கும் வரம்' சீட்டுகளையும், பச்சை மைச் சீட்டு உட்பட, என் உறைக்கு மாற்றினேன். மற்ற மூன்றையும் சட்டைப்பையில் வைத்தேன். ஈடாக என் உறையிலிருந்து 'நேரம் தவறாமை', 'உதவி', 'ஒழுங்கு' மூன்றும் அவர் உறைக்குப் போயின. இன்னும் மூன்று குறைந்தது. 'பொறுமை', 'கனிவு', 'அமைதி' என்று இடக்கையால் எழுதிச் சேர்த்தேன். இரண்டு உறையிலும் ஒன்பது ஒன்பது சரியாக இருக்கிறதா என்று மறுபடி எண்ணிப் பார்த்த பிறகே பசை தடவினேன். அவர் கேட்டிருந்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக வாசித்தார்கள். மெக்கானிக்குக் 'கலகலப்பு' என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். "மத்த நாலு பேர் யாருன்னு எனக்குத் தெரியும்" என்று அவர் மிரட்டியதும் அறை அதிர்ந்தது. பிறகு என் முறை. 'போதிக்கும் வரம்' என்று நான்கு தரம் வாசித்தேன். நான்காம் தரம் தலையை ஆட்டி, "உங்க அன்புக்கு நான் பாத்திரன் இல்லை" என்றும் சொன்னேன். வாழ்நாளில் நான் பேசிய முழு உண்மைகளில் அது ஒன்று. ஆனால் பொய்யாகச் சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை. நான் அதைக் கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

லாண்டிரி அக்கா கடைசி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "நேரம் தவறாமை. உதவி. பொறுமை. ஒழுங்கு. அன்பு. சுத்தம்." நிறுத்திச் சிரித்தார். "லாண்டிரிக்காரிக்கு அதுகூட இல்லேன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். "கனிவு. ஜெபம். அமைதி."

வாசித்து முடித்தவர் உட்காரவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு உறையை விரலால் விரித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நல்லா பாருங்க. இன்னொண்ணு உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார் மெக்கானிக்.

"இல்ல தம்பி. ஒன்பது சரியா இருக்கு."

அவர் உட்கார்ந்தார். மெக்கானிக் புருவத்தைச் சுருக்கினார். எதிரில் ஓரிருவர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடைத்தாளைக் கைமாற்றிய பிறகு பிள்ளைகள் தாம் எழுதியதை மறந்துவிடுவார்கள் என்று எண்ணுகிற வாத்தியாரைப்போல நான் எண்ணியிருந்தேன். எழுதியவனுக்குத் தான் எழுதியது நினைவிருக்காதா? முழுப் பூசணிக்காயை மறைத்ததோடு, அதைப் பயிரிட்டவர்களையே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறியிருக்கிறேன். ஆயினும் ஒவ்வொருவரும் தம் ஒரு சீட்டு மட்டும் எங்கேயோ தவறிவிட்டதாக நினைத்தார்கள் போலும். நான் ஜெபம் செய்து வகுப்பை முடித்தேன்.

வீட்டுக்கு நடந்தோம். மருந்துக்கடை முனையைத் தாண்டியதும் மனைவி ஆரம்பித்தாள்.

"நான் அவளுக்கு எழுதின சீட்டு அவ வாசிச்சதுல இல்லையே."

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"விழல. உங்க கையில இருந்துது. பச்சை மை. நீங்க மூணாவதா வாசிச்சீங்க."

செருப்புக்குள் புகுந்த கல்லை உதறினேன்.

"உனக்கு நான் போதிக்கிறவனாத் தெரியலையா?" என்று கேட்டேன். திருடன் பறிகொடுத்தவரிடம் நியாயம் கேட்டதுபோல் இருந்தது அது.

"நாப்பது வருஷமா உங்க பாடம் கேட்டுட்டுத்தானே இருக்கேன். நல்லா பேசுவீங்க. நீங்க பேசி முடிச்சா கேட்டவங்களுக்கு 'சாருக்கு எவ்வளவு தெரியுது'ன்னு தோணும். அவ பேசி முடிச்சா 'எனக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னு தோணும். அவ்வளவுதான் வித்தியாசம்." சிறிது தூரம் போனபின் சொன்னாள்: "தப்புக்குச் சிவப்பு மையில சுழிக்கிற வேலை உங்களோடது. எனக்கு அது வேண்டாம். நீங்களே பாத்துக்குங்க."

திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை போயிற்று. பாஸ்டர் வீடு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்த இரண்டு நாளும் நான் புத்தக அலமாரியைத் தூசி தட்டினேன்.

புதன்கிழமை மதியம், சாப்பிட உட்காரும் நேரத்தில் பாஸ்டரே தொலைபேசியில் அழைத்தார்.

"சார், லாண்டிரி அக்கா காலையிலேயே போன் பண்ணி முடியாதுன்னுட்டாங்க. ஒருத்தர்கூட எழுதலையாம். குரலே கம்மிப்போயிருந்துது. ஆனா ஒண்ணு சொன்னாங்க. 'சாருக்கு நாலு பேர் எழுதியிருந்தாங்க பாஸ்டர், அவருக்குத்தான் அந்த வரம், அவரைக் கேளுங்க, ஜனங்க நல்லா கத்துக்குவாங்க'ன்னு. நீங்களே அந்த வகுப்பை எடுத்துக்கிறீங்களா சார்?"

நான் விரும்பியது, விரும்பிய சொற்களிலேயே, என் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் நான் யாரிடமிருந்து எடுத்தேனோ அவர். அந்த நொடியிலாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"யோசிச்சுச் சொல்றேன் பாஸ்டர்."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி தட்டை மேசையில் வைத்தாள். "என்ன யோசிக்கப் போறீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் சாப்பிடாமல், ஒளித்துவைத்திருந்த மூன்று சீட்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிப் புறப்பட்டேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. படி இறங்கும்போதே வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. ஆள் உயரத்துக்கு நான்கு துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அறுவைக்கூடத்துப் பச்சைத் துணிகள் ஒரு தள்ளுவண்டியில் மலைபோல் குவிந்திருந்தன. மறுகோடியில், படுக்கை விரிப்புகளை உருளைக்குள் செலுத்தித் தேய்க்கும் நீண்ட இயந்திரத்தின் அருகே, லாண்டிரி அக்கா நின்றார். பக்கத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்போல் ஒரு நடுவயதுப் பெண், அழுதிருந்த கண்கள்.

"காய்ஞ்சுதான் இருந்துது அக்கா, அடுக்கினேன். மேஸ்திரி திட்டிட்டாரு, உள்ள ஈரமாம்."

"எதால தொட்டுப் பாத்தே?"

"கையாலதான்."

"உள்ளங்கையாலயா? அது காலையில இருந்து சூட்டுலயே கிடக்குது. அதுக்கு எல்லாமே காஞ்ச மாதிரிதான் இருக்கும். புறங்கையை வெச்சுப் பாரு. மடிப்போரம். ம். என்ன தெரியுது?"

"குளுகுளுன்னு இருக்கு."

"அதான் ஈரம். இப்ப நான் புதுசா வந்தவ, நீ பழைய ஆளு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சொல்லிக்குடு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் தயங்கி, பிறகு குரல் உயர்த்தி, தானே கண்டுபிடித்தவள்போலச் சொல்லிக்கொடுத்தாள். லாண்டிரி அக்கா தப்பாகத் தொட்டார், அவள் திருத்தினாள். முப்பத்தாறு ஆண்டுகளில் நான் எந்தப் பிள்ளையிடமும் தெரியாதவனாக நின்று பாடம் கேட்டதில்லை. இயந்திரத்தின் மறைவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுத்தம் என்று எழுதினேனே, இவரை ஒருநாளாவது பார்த்திருந்தேனா?

என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "சார்! யாருக்காவது உடம்பு சரியில்லையா? எந்த வார்டு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. உங்களைப் பார்க்கத்தான்."

சட்டைப்பையிலிருந்து மூன்று சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் உதடுகளை அசைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தார்.

"இது யாருக்கு எழுதினது சார்?"

"உங்களுக்கு. உங்க உறையில இருந்துது. இன்னும் மூணு இருந்துது. அதை என் உறையில போட்டுக்கிட்டேன். நான் வாசிச்சதுல மூணு உங்களோடது."

இயந்திரங்களின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, அவர் என் வாயையே பார்த்தார். நான் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை சொல்லுவது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது.

"ஏன் சார்?"

விரிவான விளக்கங்கள் வழியெல்லாம் தயாராகத்தான் இருந்தன. "எனக்கு வேணும்னு இருந்துது" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் சிவந்தாரா, வெந்நீர் ஆவியில் சிவந்தாரா, தெரியவில்லை.

"மூணு நாளா என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன் சார். 'உனக்கு எவ்வளவு திமிரு, ஆண்டவர்கிட்டயே அடையாளம் கேட்டியே, கிடைச்சுதா'ன்னு. இன்னைக்குக் காலையில பாஸ்டர்கிட்ட உங்க பேரைச் சொல்லும்போது மனசார சொன்னேன்."

"தெரியும்மா."

"நீங்களே போய் பாஸ்டர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேட்டு வாங்கினதா ஆயிடும். வகுப்புலயும் நீங்கதான் சொல்லணும்." மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. சீட்டுகளை ஈரம் படாமல் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பினார்.

அங்கிருந்து நேராகப் பாஸ்டரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வகுப்பு ஞாயிறுவரைக்கும் யாருக்கும் இல்ல சார். அவங்க பதிலுக்குக் காத்திருப்போம்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் வகுப்புக்கு வந்தார். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று தொடங்கினேன். மனித இதயத்தின் பலவீனத்திலிருந்து ஆரம்பித்துப் புகழாசையின் இயல்பை விளக்கி, ஒரு கதையைக்கூடத் தொட்டுவிட்டு, எப்படியோ சீட்டுகளுக்கு வந்து சேர்ந்தேன். அறையில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

முன்வரிசையிலிருந்து காவலாளித் தாத்தா உரக்கக் கேட்டார். "சார் என்ன சொல்றாரு? ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க?"

"சார் தப்புப் பண்ணிட்டாராம் தாத்தா" என்று மெக்கானிக் கத்தினார்.

"எந்த சார்?"

"நம்ம சாரு!"

"அவரு என்ன பண்ணினாரு?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். லாண்டிரி அக்கா எழுந்து போய்த் தாத்தாவின் காதருகே குனிந்தார். "எனக்கு எழுதின சீட்டை சார் எடுத்துக்கிட்டாரு. இப்ப திருப்பிக் குடுக்கிறாரு" என்றார்.

"அப்படியா" என்று தாத்தா உடனே தலையசைத்தார். கால் மணி நேரம் நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு லாண்டிரி அக்கா இரண்டே வாக்கியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதில் ஒரு துளி விஷமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பச்சை மைச் சீட்டையும் மற்ற இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

"சீட்டெல்லாம் வேண்டாம் சார்" என்றார் மெக்கானிக். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. "இந்தத் தடவை வாயாலயே சொல்லிடலாம். அக்கா, அந்தக் கிறுக்கல் என்னோடது. நீங்க வாசல்ல சொன்னதால்தான் நான் இன்னும் இந்த வகுப்புக்கு வர்றேன்."

என் மனைவி சொன்னாள். இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல லாண்டிரி அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் முடித்ததும் அறை என் பக்கம் திரும்பியது. நானும் சொல்ல வேண்டும்.

"நான் சுத்தம்னு எழுதினேன்" என்றேன். "பார்க்காமலே எழுதினேன். புதன்கிழமை பார்த்தேன். ஒரு அம்மாவுக்கு ஈரம் பார்க்கச் சொல்லிக்குடுத்தீங்க. அழுதுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அவங்களே உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. நான் அப்படி... எனக்கு அது..." அதற்குமேல் ஒரு வாக்கியமும் அமையவில்லை. வாழ்நாள் முழுவதும் வாக்கியம் அமைத்துப் பிழைத்தவன் நான். "உங்களுக்கு அந்த வரம் இருக்கும்மா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

பாஸ்டர் லாண்டிரி அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்கு" என்றார் லாண்டிரி அக்கா. "ஆனா எடுக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சுடலாம், சார்."

பாஸ்டரைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பாஸ்டரை அவர் சார் என்று அழைப்பதில்லை. என்னைத்தான் அழைத்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் அவர் கண்களைப் பார்த்திருக்கலாம். என்னால் முடியவில்லை.